எங்கள் துறை: கோரியோலிஸா, அவுட்போஸ்டா? (தலைப்பு மாற்றப்பட்டது)

கல்லடிக்காற்று | வியாழன், இரவு 9.40

நேற்று குரல் அரட்டையில் மூன்று மணித்தியாலம் கதைத்தும் முடிவு வரவில்லை. எல்லோரும் ஒன்றாகக் கதைத்தால் யார் என்ன சொன்னார் என்றே பிடிபடாது. அதனால் இங்கே எழுதுகிறேன். பதிலையும் இங்கேயே போடுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக முதலில் விஷயம். எலைட் டேஞ்சரஸ் என்ற விண்கப்பல் ஓட்டும் இணைய விளையாட்டு 2014 டிசம்பரில் வந்தது. அன்று தொடக்கம் நாம் யாரோ கட்டிய நிலையங்களில்தான் இறங்கி ஏறிக்கொண்டு இருக்கிறோம். 2025 பெப்ரவரி 26 இல் ட்ரெயில்பிளேசர்ஸ் என்ற புதுப்பிப்பு வந்த பிறகுதான் ஆளில்லாத ஒரு நட்சத்திரத் தொகுதியில் நாமே நிலையம் கட்டலாம் என்றாகியிருக்கிறது. வந்தபோது இந்தக் குடியேற்றப் பணி சோதனை நிலையில்தான் இருந்தது. ஆனாலும் இத்தனை வருடத்தில் நான் காத்திருந்தது இதற்குத்தான்.

நடைமுறை இப்படி: 2 கோடியே 50 இலட்சம் கிரெடிட் கட்டி ஒரு தொகுதியைப் பதிய வேண்டும். பதிகிறவர் அதன் ஆர்க்கிடெக்ட். 24 மணித்தியாலத்துக்குள் அங்கே போய் பீக்கன் என்ற அடையாளக் கருவியை வைக்க வேண்டும். அப்புறம் ஒரு பெரிய கப்பல் வந்து நிற்கும். அதில் பட்டியல் இருக்கும்: உருக்கு, டைட்டேனியம், அலுமினியம், திரவ ஒட்சிசன், தண்ணீர், சி.எம்.எம். கொம்போசிட் என்ற கட்டுமானப் பொருள் என்று நீளமாகப் போகும். அத்தனையையும் நான்கு வாரத்துக்குள் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் தொகுதி கையை விட்டுப் போகும், இறக்கிய சாமானும் போகும்.

ஆர்க்கிடெக்ட் ஒருவர்தான், ஆனால் சாமானை யாரும் கொண்டு போகலாம். ஓப்பனில் எல்லோரோடும் ஓடினாலும் சோலோவில் தனியாக ஓடினாலும் பால்வீதி ஒன்றுதான், சாமான் ஒரே இடத்துக்குத்தான் சேரும். இணையம் விட்டு விட்டு வரும் வீடுகளில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

கேள்வி மூன்று. முதல் துறையாக, அதாவது முதல் நிலையமாக, என்ன கட்டுவது: சின்ன நிலையமான அவுட்போஸ்டா, சுழலும் பெரிய நிலையமான கோரியோலிஸா? யார் ஆர்க்கிடெக்ட்? பதிந்துவிட்டுச் சாமான் சேர்ப்பதா, சேர்த்துவிட்டுப் பதிவதா? என் வாக்கு கோரியோலிஸுக்கு. முதல் துறையைப் பிறகு மாற்ற முடியாது. ஒரு தடவை கட்டினால் கட்டினதுதான்.

பார்த்து வைத்திருக்கும் தொகுதியின் பெயரை யாரும் இங்கே எழுத வேண்டாம். வாசித்தவன் யாராவது முந்திப் போய்ப் பதிந்துவிடுவான்.

சுழியன் | வியாழன், இரவு 9.58

கட்டுவதென்றால் அதைவிடப் பெரிய ஓர்பிஸ் நிலையம் கட்டுவோம் அண்ணா. கோரியோலிஸ் எங்கே பார்த்தாலும் கிடக்கிறது. நாலு வாரம் இருக்கிறதே.

சம்மாந்துறை_காக்கா | வியாழன், இரவு 11.25

தராவீஹ் தொழுதுவிட்டு வந்து இதைத்தான் முதலில் திறந்தேன்.

சுழியன் தம்பி, ஆசையைக் குறை சொல்லவில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். அவுட்போஸ்டுக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் டன் வேண்டும். கோரியோலிஸுக்கு 50 ஆயிரத்துக்கு மேல், 55 என்றே வைத்துக்கொள்வோம். ஓர்பிஸ் அதற்கும் பல மடங்கு. அது பெரிய அணிகள் நூறு பேராய் வந்து செய்கிற வேலை.

நாம் ஏழு பேர். டைப்-9 சரக்குக் கப்பல் மூன்று, கவசத்தோடு ஒன்றுக்கு 720 டன் பிடிக்கும். டைப்-7 இரண்டு, ஒன்றுக்கு 300. ஒரு பைதன், 280. ஒரு டைப்-6, நூறு. ஏழு பேரும் ஒரு நடை போனால் மொத்தம் 3,140 டன். கோரியோலிஸுக்கு ஆளுக்கு 18 நடை, அவுட்போஸ்டுக்கு 7 நடை. ஏற்றி, தாவி, இறக்கித் திரும்பி வர 20 நிமிடம் என்று வைத்தால் கோரியோலிஸுக்கும் ஆளுக்கு 6 மணித்தியாலம்தான். அதை நான்கு வாரத்தில் பிரித்துச் செய்ய ஏலும்.

என் ஃப்ளீட் கேரியர், அதாவது பெரிய தாய்க்கப்பல், இருக்கிறது. 25 ஆயிரம் டன் கொள்ளளவு. முதலில் அதை நிரப்புவோம், அப்புறம் பதிவோம். நான்கு வாரக் கடிகாரம் ஓடத் தொடங்கும்போதே பாதிச் சாமான் கையில் இருக்கும்.

தோணிக்காரன் | வெள்ளி, காலை 6.10

காக்காவின் கணக்கு காகிதத்தில் சரி. கையில் 6 மணித்தியாலம் 12 ஆகும். ஏனென்றால் சி.எம்.எம். கிடைக்காது. இப்போது விளையாடுகிற எல்லோருமே எதையோ கட்டுகிறார்கள், எல்லோருக்கும் அதே சாமான்தான் வேண்டும். நேற்று நான்கு இடம் போனேன். ஒன்றில் 60 டன், ஒன்றில் 112, மற்ற இரண்டில் பூச்சியம். 720 டன் பிடிக்கிற கப்பலில் 172 டன்னோடு திரும்பினேன்.

கேரியருக்கும் ஒரு விலை இருக்கிறது. சந்தையில் ஏற்றிக் கேரியரில் இறக்க வேண்டும், பிறகு கேரியரில் ஏற்றிக் கட்டுமிடத்தில் இறக்க வேண்டும். ஒரே சாமானை இரண்டு தரம் கை மாற்றுகிறோம். கேரியர் தாவ ஒவ்வொரு தடவையும் 15 நிமிடம் காத்திருக்கவும் வேண்டும்.

நான் அவுட்போஸ்ட் என்கிறேன். எனக்காக இல்லை, நான் டைப்-9 காரன். சின்னக் கப்பல் வைத்திருக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். காக்கா ஆளுக்கு 18 நடை என்று சமனாகப் போட்டுவிட்டார். நூறு டன் கொண்டு போகிறவர் 18 தரம் போய் 1,800 டன் சேர்த்தால் அவருக்கு என்ன மனநிறைவு வரும்? பட்டியலில் ஒரு கோடுகூட அசையாது. அவர் இரண்டாம் வாரத்தில் களைத்து விலகிவிடுவார். பெரிய வேலையை எடுத்துப் பாதியில் விடுவதைவிடச் சின்ன வேலையை எல்லோருமாக முடிப்பது நல்லது.

சோமபானம் | வெள்ளி, பகல் 1.15

நான் கட்டாரிலிருந்து. எனக்கு இங்கே வெள்ளிதான் விடுமுறை. எதுவானாலும் நான் டைட்டேனியம் எடுக்கிறேன், ஒரு நல்ல சந்தை பார்த்து வைத்திருக்கிறேன்.

இரவுப்பணி | வெள்ளி, பகல் 2.40

நூறு டன் டைப்-6 காரி நான்தான். தோணி அண்ணா என்னை நினைத்து எழுதினார் என்று தெரியும். அதற்கு நன்றி. ஆனால் எனக்காக அவுட்போஸ்ட் கேட்க வேண்டாம்.

அவுட்போஸ்டில் சின்ன இறங்குதளமும் நடுத்தர இறங்குதளமும் மட்டும்தான் இருக்கும். பெரிய தளம் இல்லை. என்னுடைய கப்பல் இறங்கும், பைதன் இறங்கும். டைப்-9 இறங்காது, டைப்-7 உம் இறங்காது. அதாவது ஏழு பேரில் ஐந்து பேர், சாமானில் முக்கால்வாசிக்கு மேல் சுமந்தவர்கள், கட்டி முடிந்த பிறகு தாங்கள் கட்டிய துறைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். உங்களுக்கே இறங்க இடமில்லாத துறைக்கு நீங்களே வாக்குப் போடுகிறீர்கள் அண்ணா.

களைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வார்டில் இரவு வேலை. வீட்டுக்கு வந்தவுடன் நித்திரை வராது. ஒரு நாற்பது நிமிடம் கப்பலில் உட்காருவேன். யாரும் கூப்பிட மாட்டார்கள், மணி அடிக்காது. தண்ணீரும் ஒட்சிசனும் ஏற்றுவேன். அங்கே போவேன், இறக்குவேன், வருவேன். கோரியோலிஸின் வாய்க்குள் நுழையும் அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதும். நிலையம் முழுதும் மெல்லச் சுழலும், வாய் எப்போதும் கோளைப் பார்த்தபடி இருக்கும். நானும் அதே வேகத்தில் கப்பலை உருட்டி, பச்சை விளக்கை வலப்பக்கம் வைத்து, வேகத்தைக் குறைத்து உள்ளே போவேன். உள்ளே போனவுடன் தலைக்கு மேலேயும் தரை இருக்கும், தளங்கள் இருக்கும். சுழற்சியால்தான் அங்கே நிற்கிறவனுக்கு எடை வருகிறது என்பதை முதல் நாள் வாசித்தபோது எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று எனக்கே தெரியாது. அவுட்போஸ்டில் இது இல்லை. வெளியே ஒரு தட்டில் இறங்குவது மட்டும்தான்.

நூறு டன் என்றாலும் நூறு டன். கோடு அசையாவிட்டாலும் இலக்கம் குறையும்.

சுழியன் | வெள்ளி, பிற்பகல் 3.05

அக்கா சொன்ன பிறகு நானும் கோரியோலிஸ்.

பட்டிப்பளை | வெள்ளி, இரவு 10.50

பிந்தி வருகிறேன், குறை நினைக்க வேண்டாம். வேளாண்மை வெட்டு முடிந்து நெல் இன்னும் காய்கிறது. இரவுக்கு நான் காவல். கையில் போன்தான், எழுத்துப் பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறை எதுவானாலும் ஓடுவேன். ஆனால் இழையின் தலைப்பில் 'குடியேற்றப் பணி' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மாற்றச் சொல்லிக் கேட்கிறேன்.

விளையாட்டில் ஆங்கிலத்தில் உள்ளதை அப்படியே தமிழாக்கினால் அதுதான் வரும். அதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அம்பாறைப் பக்கம் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது அந்தச் சொல்லைச் சொன்னால் கதை நின்றுவிடும். எங்கள் ஆட்கள் பட்டிப்பளை ஆறு என்று சொன்னதைத்தான் இப்போது எல்லோரும் கல்லோயா என்கிறார்கள். 1949 இல் திட்டம் தொடங்கி இங்கினியாகலையில் அணை கட்டினார்கள். காட்டை வெட்டி, வெளியிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து இருத்தினார்கள். 1956 ஜூனில் அங்கே கலவரத்தில் உயிர்கள் போயின. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறையைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். என் அம்மப்பா இதையெல்லாம் வரிசையாகச் சொல்வார். சொல்லும்போது அவருக்குக் குரல் உயராது. வருடத்தை மட்டும் சொல்வார்.

வந்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் நிலமில்லாத ஏழைகள்தான். அவர்களின் பேரப்பிள்ளைகளோடு நான் படித்திருக்கிறேன். என் மனதில் கிடப்பது வேறு. யார் எங்கே இருப்பது, தண்ணீர் முதலில் யாருக்கு என்பதையெல்லாம் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்தவர்களைக் கேட்காமல் எங்கேயோ இருந்து முடிவெடுத்தார்கள்.

விளையாட்டில் அந்தத் தொகுதி வெறும் இடம்தான். அங்கே யாரும் இல்லை, நாம் யாரையும் தள்ளவில்லை. அதனால்தான் நானும் வருகிறேன். சொல்லை மட்டும் மாற்றுங்கள்.

சுழியன் | வெள்ளி, இரவு 11.02

அண்ணா, விளையாட்டுக்குள் அரசியல் வேண்டாமே. நாள் முழுக்க வெளியே கேட்பது அதுதான். இங்கேயாவது இல்லாமல் இருக்கட்டும்.

சம்மாந்துறை_காக்கா | சனி, அதிகாலை 3.50

ஸஹருக்கு எழும்பினேன்.

தம்பி, அவர் அரசியல் பேசவில்லை, தண்ணீர் பேசுகிறார். எங்கள் சம்மாந்துறை வயலுக்கும் அந்தக் குளத்துத் தண்ணீர்தான் வருகிறது. போகத்துக்கு முன் விவசாயிகள் கூடும் கன்னாக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், எப்போது மதகு திறப்பது என்ற ஒரு கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது என்று.

அவர் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன், அதுவும் அதே இடத்தில் நடந்ததுதான். 1981 இல் குளத்தில் தண்ணீர் மிகக் குறைவு. இடதுகரை வாய்க்காலில் விவசாயிகளைச் சிறு சிறு குழுக்களாகச் சேர்த்து வேலை தொடங்கினார்கள். கொழும்பிலிருந்து விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தாரும் கூட நின்றார்கள். விவசாயிகள் தாங்களே வாய்க்காலைத் துப்புரவு செய்தார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள். வாய்க்காலின் தலைப்பக்கம் இருந்த சிங்கள விவசாயிகள் தண்ணீரை மிச்சம் பிடித்துக் கடைப்பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்கு விட்டார்கள். யாரும் சட்டம் போட்டுச் செய்விக்கவில்லை. கடைப்பக்கத்தவனை நேரில் பார்த்துக் கதைத்த பிறகு அப்படிச் செய்தார்கள்.

ஆகவே சொல் மாறட்டும். 'துறை கட்டுதல்' என்று போடுங்கள். எங்கள் ஊர்ப் பெயரே சம்பான் வந்து இறங்கிய துறை என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள்.

கல்லடிக்காற்று | சனி, காலை 7.30

தலைப்பை மாற்றிவிட்டேன். பட்டிப்பளை, நான் யோசிக்காமல் போட்டது. சொன்னதற்கு நன்றி.

சுழியன், நீ சொன்னதும் எனக்கு விளங்குகிறது. நாள் முழுக்கக் கேட்டுக் களைத்துத்தான் நாம் இங்கே வருகிறோம். ஆனால் ஒன்றைப் பார். இதே பணியை உலகம் முழுக்க எடுத்தவர்கள் என்ன சண்டை பிடிக்கிறார்கள்? ஒருவர் தொகுதியைப் பதிந்து பீக்கனை வைத்துவிட்டு ஒரு டன்னும் கொண்டு போகாமல் நான்கு வாரம் மற்றவர்களைத் தடுத்து வைத்திருக்கிறார் என்று. பக்கத்துத் தொகுதிக்காரரைக் கேட்காமல் நடுவில் புகுந்து கட்டிவிட்டார் என்று. ஆளில்லாத வெளியிலும் வருகிற கேள்வி அதேதான்: யாரைக் கேட்டுச் செய்தாய்?

அதோடு ஆர்க்கிடெக்ட் பற்றிய கேள்வியை நாம் இன்னும் தொடவே இல்லை. அடுத்து என்ன கட்டுவது என்று ஆர்க்கிடெக்ட் ஒருவர்தான் தீர்மானிக்கலாம். வாரா வாரம் வருகிற பணமும் அவருக்குத்தான். நாம் சுமந்ததற்குச் சுமந்த அன்றைக்குக் கிரெடிட் கிடைக்கும், அதோடு சரி. நிலம் வைத்திருக்கும் போடியார் ஒருவர், அவருக்கு வயல் வேலை செய்யும் முல்லைக்காரர் ஆறு பேர் என்று ஆகிவிடக் கூடாது.

காக்கா, நீங்கள் எடுக்கிறீர்களா?

சம்மாந்துறை_காக்கா | சனி, காலை 8.15

வேண்டாம். கேரியர் என் கையில். ஆர்க்கிடெக்ட் பதவியும் என் கையில் என்றால் நான் கோபித்துக்கொண்டு போனால் எல்லாமே போகும். இரண்டும் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

தோணிக்காரன் | சனி, காலை 9.00

நான் கோரியோலிஸுக்கு மாறுகிறேன். இரவுப்பணி தங்கச்சி சொன்ன இறங்குதளக் கதை எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அதை என் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்க்கவில்லை.

சி.எம்.எம். தேடுகிற வேலையை நானே எடுக்கிறேன். மற்றவர்கள் அதற்காக அலைய வேண்டாம். இருப்புக் கண்ட சந்தையின் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்பினால் போதும்.

பட்டிப்பளை | சனி, பகல் 12.40

ஆர்க்கிடெக்ட் இரவுப்பணி.

காரணம் இருக்கிறது. அவருடையதுதான் ஏழு கப்பலிலும் சின்னது. நமக்குள் வாய்க்காலின் கடைப்பக்கத்தில் நிற்பவர் அவர்தான். மதகுத் திறப்பு கடைப்பக்கத்தவர் கையில் இருந்தால் தலைப்பக்கத்தவனுக்குத் தண்ணீர் கிடைக்காமல் போகாது. மறுபக்கமாகத்தான் எப்போதும் பிரச்சினை. நம்ம ஊரில் வயலுக்குத் தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானையின் வேலை இது. நிலம் அவருடையது ஆகாது, முறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் அவருடையது.

இரவுப்பணி | சனி, மாலை 6.20

இரண்டு மூன்று தரம் வாசித்தேன். இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சரி, எடுக்கிறேன். ஆனால் ஒன்று. முதல் துறைக்குப் பிறகு அந்தத் தொகுதியில் நான் எதைக் கட்டுவதானாலும் இங்கே எழுதி, ஏழு பேரும் பார்த்த பிறகுதான் செய்வேன். யாராவது பார்க்கவில்லை என்றால் காத்திருப்பேன். வாரப் பணத்தில் கேரியருக்கு எரிபொருள் ட்ரிட்டியம் வாங்கித் தருகிறேன், அது எல்லோருக்கும் உதவும்.

பதிவதற்கு வேண்டிய 2 கோடியே 50 இலட்சம் என்னிடம் இருக்கிறது. யாரும் தர வேண்டாம்.

கல்லடிக்காற்று | சனி, இரவு 9.10

அப்படியானால் முடிவு: கோரியோலிஸ். இரவுப்பணி ஆர்க்கிடெக்ட். முதலில் காக்காவின் கேரியரை நிரப்புகிறோம், அதன் பிறகு பதிகிறோம். இடையில் வேறு யாராவது பதிந்துவிட்டால் போகட்டும், வெளியில் இடத்துக்குக் குறைவில்லை.

தோணி சி.எம்.எம். சோமபானம் டைட்டேனியம். காக்காவும் நானும் உருக்கு. பட்டிப்பளை நெல்லை மூட்டை கட்டிய பிறகு அலுமினியம். சுழியன் பட்டியலில் மிஞ்சியதெல்லாம். தண்ணீரும் ஒட்சிசனும் இரவுப்பணிக்கு, அவருக்குப் பிடித்த சாமான்.

சுழியன் | ஞாயிறு, பிற்பகல் 4.30

தங்கச்சிக்கு இந்த மாதம் சாதாரண தரப் பரீட்சை. கணினி இருக்கிற அறையில்தான் அவள் படிக்கிறாள். அவள் படுத்த பிறகு ஓடுகிறேன், பத்து மணிக்குப் பிறகு என்னைத் தேடுங்கள்.

தோணிக்காரன் | செவ்வாய், இரவு 10.15

சி.எம்.எம். 840 டன் கேரியரில். பதினொரு சந்தை.

இரவுப்பணி | அடுத்த வெள்ளி, பகல் 3.20

பதிந்துவிட்டேன். பீக்கனும் வைத்துவிட்டேன். வேலை முடிந்து வந்து, குளித்து, தேத்தண்ணி வைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் போனேன். அவசரத்தில் செய்ய மனம் வரவில்லை.

துறை வரும் இடம் நட்சத்திரத்திலிருந்து 1,800 ஒளிவிநாடி. ஒளிக்கே அரை மணித்தியாலம் வேண்டும், நாம் சில நிமிடத்தில் போய்விடுகிறோம். ஹட்டன் ஓர்பிட்டல் என்ற நிலையத்துக்கு 0.22 ஒளியாண்டு ஓடி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வீணடித்த சோமபானத்துக்கு இது பக்கத்து வீடு.

வளையம் உள்ள பெரிய கோள் ஒன்று. பீக்கன் வைத்த இடத்திலிருந்து வளையம் சரிவாகத் தெரிகிறது. வாவியில் விடியும்போது தண்ணீருக்கு மேல் ஒரு கோடு போல வெளிச்சம் வருமே, அப்படி. நீங்கள் எல்லோரும் வரும்போது ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள்.

தோணிக்காரன் | ஞாயிறு, இரவு 8.45

இன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். 700 டன் உருக்கோடு கட்டுமிடத்துக்குக் கிட்டப் போய் இறங்க அனுமதி கேட்ட நேரம் மின்சாரம் போய்விட்டது. 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுக்க இருட்டாகிய அன்று போலத் தெருவே இருட்டு. இருட்டில் உட்கார்ந்து 700 டன்னும் போச்சு என்றே நினைத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து உள்ளே போனால் கப்பல் வெளியில் மிதக்கிறது, சாமான் அப்படியே இருக்கிறது. மின்சாரம் போனால் யாரும் பதற வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

பட்டிப்பளை | புதன், இரவு 11.30

நெல் கொடுத்தாயிற்று. இன்று தொடக்கம் நான் வருகிறேன். முதல் நடையில் 300 டன் அலுமினியம்.

இறக்கிவிட்டு வளையத்தைப் பார்த்தேன்.

கல்லடிக்காற்று | திங்கள், காலை 10.00

காக்காவுக்கும் எல்லோருக்கும் பெருநாள் வாழ்த்துகள். இன்று காக்கா வரமாட்டார், யாரும் கேரியரை நகர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

பட்டியலில் ஏழு சாமான்தான் மிச்சம். புதன் இரவுக்குள் முடித்தால் வியாழன் பகல் 12.30 க்கு வருகிற வாராந்தப் பராமரிப்போடு துறை திறந்துவிடும். தவறினால் இன்னொரு வியாழன் வரை காத்திருக்க வேண்டும்.

சம்மாந்துறை_காக்கா | செவ்வாய், இரவு 9.20

சி.எம்.எம். பூர்த்தி. கடைசி 35 டன்னைத் தோணிதான் கொண்டு வந்தார். 720 டன் கப்பலில் 35 டன்.

சுழியன் | புதன், இரவு 10.40

உருக்கு முடிந்தது. டைட்டேனியம் முடிந்தது. ஒட்சிசனும் முடிந்தது. இப்போது பட்டியலில் ஒரே ஒரு வரிதான், தண்ணீர் 84 டன். பக்கத்துச் சந்தையிலேயே இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டு போகவா? பத்து நிமிட வேலை.

இரவுப்பணி | புதன், இரவு 10.52

தம்பி, வேண்டாம். இன்று எனக்கு மாலை வேலை. வார்டில் ஆறுதலாய் ஒரு நிமிடம் கிடைத்தபோதுதான் பார்த்தேன். ஒரு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த 84 டன்னை எனக்கு விடுங்கள்.

தோணிக்காரன் | புதன், இரவு 10.53

யாரும் தொட வேண்டாம்.

சுழியன் | புதன், இரவு 10.55

சரி அக்கா. நான் கப்பலைக் கட்டுமிடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நிற்கிறேன்.

பட்டிப்பளை | புதன், இரவு 11.04

நானும் நிற்கிறேன்.

சம்மாந்துறை_காக்கா | புதன், இரவு 11.10

ஓப்பனில் வாருங்கள் எல்லோரும். அவர் வரும்போது கண்ணால் காண வேண்டும்.